மேற்கோளும் மதிப்பீடும்: அறிவின் பெறுமதியை எண்ணிக் காணலாமா?

ஆய்வுக் கட்டுரையொன்றின் அடியிலோ இறுதியிலோ இடம்பெறும் மேற்கோட் குறிப்பு பார்வைக்கு மிகச் சிறியது. பிறிதொருவரின் பெயர், அவர்தம் நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் என்பவற்றுக்கு மேல் அதில் எதுவும் இருப்பதில்லை. எனினும் அச்சிறு குறிப்பின் மூலம் ஆய்வாளர் மூன்று காரியங்களை ஒருங்கே செய்கின்றார். தாம் கூறுவனவற்றுள் தமக்கு உரியதல்லாத பகுதி எதுவென ஒப்புக்கொள்கின்றார். ஐயுறும் வாசகர் மூலத்துக்குத் தாமே சென்று சரிபார்ப்பதற்கு வழிகாட்டுகின்றார். அந்த மூலத்தைத் தாம் படித்துச் சரிவர விளங்கிக்கொண்டமைக்குப் பொறுப்பேற்கின்றார். முதலாவது நன்றியறிதல் சார்ந்தது. இரண்டாவது நேர்மை சார்ந்தது. மூன்றாவது கடமை சார்ந்தது. எனவே மேற்கோள் காட்டுதல் என்பது எழுத்துமுறை பற்றிய வழக்கம் மாத்திரமன்று. அறிவுலகம் தனக்கென வகுத்துக்கொண்ட ஒழுக்கங்களுள் அதுவும் ஒன்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே இவ்வொழுக்கச் செயல் எண்ணப்படும் பொருளாயிற்று. ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை எடுத்தாண்டனர் என்னும் கணக்கு, நியமனம், பதவியுயர்வு, ஆய்வுநிதி, பல்கலைக்கழகங்களின் தரவரிசை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக இன்று உலகின் பல நாடுகளிலும் கையாளப்படுகின்றது. இதனால் எழும் வினா புள்ளிவிபரவியல் சார்ந்தது மட்டுமன்று. ஒருவர் இன்னொருவருக்கு மனமுவந்து அளிக்கும் ஒப்புதலைத் திரட்டி, அதனையே அம்மனிதரின் அறிவுப் பெறுமதிக்கு அளவாகக் கொள்ளுதல் தகுமா? அவ்வாறு கொள்ளுமிடத்து அவ்வொப்புதலின் இயல்புக்கு யாது நேர்கின்றது? மதிப்பிடும் பொறுப்பு எவரிடமிருந்து எதற்குக் கைமாறுகின்றது? இவை ஒழுக்கவியல் நோக்கில் ஆராயப்பட வேண்டியனவாகும்.

முன்னோர் கூற்றுக்குக் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் நவீன விஞ்ஞானத்துடன் தோன்றியதன்று. தமிழ் இலக்கண மரபே இதற்குத் தக்க சான்றாகும். தொல்காப்பியம் தன் விதிகள் பலவற்றை முன்னைய புலவர்தம் கூற்றாகவே உரைக்கின்றது. ஆயின் அப்புலவர் இன்னார் எனப் பெயர் சுட்டுவதில்லை. கடன் ஒப்புக்கொள்ளப்படுகின்றது, அதனால் எவருடைய கணக்கிலும் எதுவும் வரவு வைக்கப்படுவதில்லை. பிற்காலத்து உரையாசிரியர்கள் தம் விளக்கங்களுக்கு ஆதாரமாகப் பல நூல்களின் செய்யுள்களை எடுத்துக்காட்டினர். தகடூர் யாத்திரை, குண்டலகேசி முதலிய நூல்கள் முழுமையாகக் கிடைக்காத நிலையிலும் அவற்றின் செய்யுள்கள் சில இன்று அறியப்படுகின்றனவெனின், உரைகளிலும் தொகைநூல்களிலும் அவை எடுத்தாளப்பட்டமையே அதற்குக் காரணமாகும். ஒரேயொரு மேற்கோள்தானும் நூலொன்றின் நினைவை நூற்றாண்டுகள் கடந்து காத்துத் தரலாம் என்பது இதனாற் புலனாகும். மேற்கோளின் ஆற்றல் அதன் எண்ணிக்கையில் மட்டுமே தங்கியதன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மேற்கோள்களைத் திரட்டிச் சுட்டியாக்கும் முறை முதலில் வேரூன்றியது விஞ்ஞானத்திலன்று, சட்டத்துறையிலாகும். அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலே பிராங் ஷெப்பேட் என்பவர் 1873இல் வழக்குத் தீர்ப்புகளுக்கான மேற்கோட் சுட்டியொன்றை வெளியிடத் தொடங்கினார். முன்னைய தீர்ப்புகளை ஆதாரமாகக் கொள்ளும் சட்டமுறையில், வழக்கறிஞர் ஒருவர் தாம் காட்டும் தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகின்றதா என்பதை அறிந்தே ஆகவேண்டும். பின்வந்த நீதிமன்றங்கள் அதனைப் பின்பற்றினவா, வேறுபடுத்திக் காட்டினவா, முற்றாகத் தள்ளிவிட்டனவா என்பதை அச்சுட்டி உணர்த்தியது. ஆக, அங்கு முதன்மை பெற்ற வினா ‘எத்தனை தடவை’ என்பதன்று, ‘எவ்வாறு’ என்பதேயாகும். நூறு தடவை எடுத்தாளப்பட்டுப் பின்னர் உயர்நீதிமன்றமொன்றினால் தள்ளப்பட்ட தீர்ப்பினால் வழக்கறிஞருக்குப் பயனெதுவுமில்லை.

1927இல் குறோஸ் என்னும் குடும்பப் பெயருடைய இருவர், அமெரிக்க இரசாயனவியற் சங்கத்தின் சஞ்சிகையில் இடம்பெற்ற மேற்கோள்களைக் கணக்கிட்டு, சிறிய கல்லூரியொன்றின் நூலகம் எந்தெந்தச் சஞ்சிகைகளை வாங்குவது நன்று என ஆராய்ந்தனர். குறைந்த பணத்தைக் கொண்டு மாணவருக்குக் கூடிய பயனை எவ்வாறு அளிக்கலாம் என்பதே அவர்தம் கரிசனையாக இருந்தது. சஞ்சிகைகளை எண்ணினரேயன்றி அவற்றில் எழுதியோரை அவர்கள் எடைபோடவில்லை. பின்னர் யூஜின் காபீல்ட், ஷெப்பேட்டின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, விஞ்ஞானத்துக்கும் மேற்கோட் சுட்டி வேண்டுமென 1955இல் சயன்ஸ் சஞ்சிகையில் வாதிட்டார். பிழையான, காலங்கடந்த, மோசடியான தரவுகளை ஆராயாது எடுத்தாளும் வழக்கத்தைத் தடுப்பதும், முன்னைய கட்டுரையொன்றின் மீது பின்னர் எழுந்த விமர்சனங்களை நேர்மையான ஆய்வாளர் அறியச்செய்வதும் அவர் எடுத்துரைத்த நோக்கங்களுள் முக்கியமானவை. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய விஞ்ஞானத் தகவல் நிறுவனம் 1964இல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. அதுவும் தேடுதலுக்கும் சரிபார்த்தலுக்குமான கருவியாகவே பிறந்தது.

கருவி கைக்கு வந்தபின் அதன் பயன் மாறியது. டெரெக் டி சொல்லா பிரைஸ் போன்ற விஞ்ஞான வரலாற்றாசிரியர்கள், விஞ்ஞானம் வளரும் முறையையும் கட்டுரைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலையமைப்பையும் ஆராய்வதற்கு அத்தரவுகளைப் பயன்படுத்தினர். அது அறிவைப் பற்றிய அறிவாக அமைந்தது. காபீல்டும் அவருடன் பணியாற்றிய இர்விங் ஷெரும் சுட்டியிற் சேர்ப்பதற்குரிய சஞ்சிகைகளைத் தெரிந்தெடுக்கும் பொருட்டுத் தாக்கக் காரணி என்னும் அளவை வகுத்தனர். ஒரு சஞ்சிகை முன்னைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் குறித்த ஓராண்டில் பெற்ற மேற்கோள்களின் தொகையை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அக்காரணி கிடைக்கும். 200 கட்டுரைகளுக்கு 600 மேற்கோள்கள் எனின் காரணி 3 ஆகும். 2005இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹேர்ஷ் தனிமனிதருக்கெனவே ஓர் அளவை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவையேனும் எடுத்தாளப்பட்டிருந்து, 11 கட்டுரைகளுக்கு அவ்வாறு 11 என்ற நிலை எய்தப்படாதிருப்பின் அவரது எச் சுட்டி 10 ஆகும். தீர்ப்பு நிலைக்கின்றதா எனக் கேட்ட கருவி, ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளில், மனிதர் எவ்வளவு பெறுவார் எனச் சொல்லும் கருவியாகிவிட்டது.

இம்மாற்றத்தை முழுவதும் தீயதென ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. எண்களுக்குச் சார்பான வாதம் வலுவானது. அதில் ஒழுக்கவியல் நியாயமும் உண்டு. எண்கள் வருவதற்கு முன்னர் அறிவுலகில் நீதி நிலவியதெனக் கொள்வதற்கு இடமில்லை. பேராசிரியரின் பரிந்துரை, பயின்ற கல்லூரியின் பெயர், குடும்பச் செல்வாக்கு, பால், இனம், சாதி, அரசியல் என்பன தகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எச்சமூகத்திலும் நிகழக்கூடியதே. ஒருவரையொருவர் அறிந்தோரே தெரிவுக்குழுவில் அமரும் சிறிய நாடுகளில் இந்த அபாயம் இன்னும் அதிகமாகும். பின்பலம் எதுவுமற்ற இளம் ஆய்வாளர் ஒருவருக்கு, தம்மை அறியாத தூரதேசத்தார் தமது கட்டுரையை எடுத்தாண்டுள்ளனர் என்னும் உண்மை ஒரு காப்பாகின்றது. எண்ணுக்கு உறவினர் இல்லை. அது முகம் பார்ப்பதில்லை. மேற்கோட் கணக்கைக் கண்டிப்போர் அதற்குப் பதிலாகப் பழைய தயவுமுறையைத்தான் மீண்டும் வேண்டுகின்றனரோ என்ற ஐயத்துக்கு விடையளித்தே தீரவேண்டும்.

எனினும், முகம் பாராத அவ்வெண் உண்மையில் எதனைப் பார்க்கின்றது என்பது தெளிவாக்கப்பட வேண்டியதாகும். 1951இல் ஒலிவர் லவ்றி என்பாரும் உடனாய்வாளர்களும் கரைசலொன்றில் உள்ள புரதத்தின் அளவைக் கணிக்கும் முறை பற்றி வெளியிட்ட கட்டுரையே விஞ்ஞான இலக்கியத்தில் மிகக் கூடுதலாக எடுத்தாளப்பட்டது எனப் பெயர்பெற்றது. நேச்சர் சஞ்சிகை 2014இல் வெளியிட்ட கணக்கின்படி அதற்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் கிடைத்திருந்தன. அது சிறந்ததோர் ஆய்வன்று என்பதை லவ்றியே அறிந்திருந்தார்; அதனை ஒளிக்கவுமில்லை. வாட்சனும் கிறிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பை வெளிப்படுத்திய 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ அதே கணக்கில் முதல் நூறு இடங்களுக்குள்ளும் வரவில்லை. இதில் முரண்பாடு எதுவுமில்லை. ஆய்வுகூடத்தில் அன்றாடம் கையாளப்படும் முறை அன்றாடம் எடுத்தாளப்படுகின்றது. உலகநோக்கையே மாற்றிய கருத்து சில காலத்திற் பாடநூலுக்குட் சென்று பொதுவறிவாகி, மூலத்தைச் சுட்டவேண்டிய தேவையை இழக்கின்றது. இவ்வாறு முற்றாக உள்வாங்கப்படுவதனாலேயே மூலம் மறைந்துபோகும் நிலையைச் சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் விளக்கியுள்ளார். ஆகவே மேற்கோட் கணக்குக் காட்டுவது ஒரு படைப்பு எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதையே. பயன்பாடு மதிப்புடையது; ஆனால் அதுவே பெறுமதி முழுவதுமன்று.

கண்டனத்தையும் பாராட்டையும் ஒன்றெனவே எண்ணுதல் இக்கணக்கின் பிறிதொரு குறையாகும். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி அன்றூ வேக்பீல்டும் பிறரும் 1998இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை 2010இல் அச்சஞ்சிகையினாலேயே மீளப்பெறப்பட்டது. அதனை எடுத்தாண்ட நூற்றுக்கணக்கான ஆக்கங்களுட் பெரும்பாலானவை அதனை மறுப்பதற்காகவே எடுத்தாண்டன என 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கூட்டிப் பார்க்கும் கணக்கில் அம்மறுப்புகளும் அதன் ‘செல்வாக்கு’ ஆகவே எண்ணப்படும். ஷெப்பேட்டின் சுட்டி காக்க முனைந்த வேறுபாட்டை அதன் வழிவந்த எண் இழந்துவிட்டது.

காலமும் கணக்கைப் பொய்யாக்கும். கிறகர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் நடத்திய பரிசோதனைகளை 1865இல் உரையாகவும் 1866இல் அச்சிலும் வெளியிட்டார். பாரம்பரியவியலின் அடிப்படை அதில் இருந்தது. எனினும் மிகச் சிலரே அதனை எடுத்தாண்டனர். மெண்டல் 1884இல் மறைந்தார். 1900இலேயே அவரது பணி மீளக் கண்டறியப்பட்டது. இரண்டாண்டு மேற்கோள்களை நோக்கும் அளவொன்று அவரைப் பற்றிக் கூறக்கூடியது எதுவுமில்லை. அண்மைக்காலத்திலும் இத்தகைய சான்று உண்டு. 1964இல் வெளியிட்ட கட்டுரைகளுக்காக 2013இல் நொபெல் பரிசு பெற்ற பீற்றர் ஹிக்ஸ், இன்றைய நிலையில் தமக்குப் பல்கலைக்கழகப் பதவி கிடைத்திராது என்றும், போதிய அளவு ‘உற்பத்தி’ இல்லாதவராகவே தாம் கருதப்பட்டிருப்பார் என்றும் அவ்வாண்டிலேயே கூறினார். கிறிகோரி பெரல்மன் பொயின்காரே ஊகத்தை நிறுவிய கட்டுரைகளை 2002, 2003 ஆம் ஆண்டுகளில் இணையக் களஞ்சியமொன்றில் வைத்தாரேயன்றி எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவில்லை. சஞ்சிகையின் தாக்கக் காரணியை நோக்குவோருக்கு அக்கட்டுரைகள் இல்லாதவையே.

சஞ்சிகையின் சராசரியைக் கொண்டு தனிக்கட்டுரையை மதிப்பிடுதல் தர்க்கத்துக்கும் ஒவ்வாதது. நோர்வேயைச் சேர்ந்த பெர் செக்லன் தாம் ஆராய்ந்த சஞ்சிகைகளில், கூடுதலாக எடுத்தாளப்பட்ட 15 வீதக் கட்டுரைகளே மொத்த மேற்கோள்களிற் பாதியைப் பெற்றிருந்தன என 1990களிற் காட்டினார். அந்நிலையில் சராசரி என்பது பெரும்பாலான கட்டுரைகளைப் பற்றிய உண்மையன்று. செல்வந்தர் சிலர் வாழும் ஊரின் சராசரி வருமானத்தைக் கொண்டு அவ்வூர்க் கூலித்தொழிலாளியின் வருமானத்தைக் கணிப்பதை அது ஒக்கும். துறைக்குத் துறை வழக்கமும் வேறுபடும். உயிரிரசாயனவியற் கட்டுரையொன்றின் மேற்கோட் பட்டியல் நீண்டது. கணிதவியற் கட்டுரையினது பெரும்பாலும் குறுகியது. கணிதத்தில் ஒரு கட்டுரை பல ஆண்டுகள் கழித்தும் புதியதாகவே ஆளப்படும். சர்வதேசக் கணிதவியல் ஒன்றியம் பிற அமைப்புகளுடன் இணைந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை, எண் புறநிலையானது என்ற நம்பிக்கையே பெரும்பாலும் ஆதாரமற்றது என எச்சரித்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எண்களை நன்கறிந்தோரிடமிருந்தே அவ்வெச்சரிக்கை வந்தது.

இவை யாவும் அளவின் குறைபாடுகள். அளவைத் திருத்தினால் இவையும் தீரும் என்று வாதிடலாம். ஆயின் திருத்தத்துக்கு எட்டாத குறையொன்றும் உண்டு. பெயர் சுட்டப்பட்டோரை மட்டுமே மேற்கோட் கணக்கு எண்ணும். சுட்டப்பட வேண்டியிருந்தும் சுட்டப்படாதவரை அதனாற் காணவியலாது. மேர்ட்டனின் வாழ்க்கையிலேயே இதற்கு வலிய சான்றுண்டு. ஏற்கெனவே புகழ்பெற்ற விஞ்ஞானிக்கு மேலும் புகழ் சேர்வதும், அறியப்படாதவர் அதே பணியைச் செய்தும் மறக்கப்படுவதும் அறிவுலகின் இயல்பாக உள்ளன என 1968இல் அவர் ஒரு கட்டுரையில் நிறுவினார். உள்ளவனுக்கே கொடுக்கப்படும் என்னும் விவிலியக் கருத்தையொட்டி அதற்கு ‘மத்தேயு விளைவு’ எனப் பெயரிட்டார். அக்கட்டுரையின் ஆதாரங்களுட் பெரும்பகுதி, ஹறியற் சுக்கர்மன் என்னும் பெண் ஆய்வாளர் நொபெல் பரிசு பெற்றோரை நேர்கண்டு திரட்டியவை. கட்டுரையோ மேர்ட்டனின் பெயரில் மாத்திரமே வெளிவந்தது. அவரது பணியைத் தாம் பயன்படுத்திய அளவை நோக்குமிடத்து அது இருவர் பெயரிலும் வெளிவந்திருக்க வேண்டியது எனப் பின்னாளில் மேர்ட்டனே எழுதினார். அங்கீகாரத்தில் நிகழும் அநீதியை உலகுக்கு உணர்த்திய கட்டுரையே அவ்வநீதிக்கு உதாரணமாயிற்று. அதனை வெளிக்கொணர்ந்தது எந்தச் சுட்டியுமன்று. ஒரு மனிதரின் மனச்சாட்சியேயாகும்.

அளவுகோல் தான் அளக்கும் பொருளையே மாற்றிவிடுதல் இப்பிரச்சினையின் மையமாகும். பிரித்தானியப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கை தொடர்பாகக் கூறிய கருத்தொன்றை, பல்கலைக்கழக மதிப்பீடு பற்றி எழுதிய மானிடவியலாளர் மரிலின் ஸ்ட்ராதேர்ண் 1997இல் பொதுவிதியாக வடித்தார். அளவுகோல் இலக்காக மாறும்போது அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பதே அவ்விதியின் சாரம். மேற்கோள் விடயத்தில் இது கண்கூடு. ஒரே ஆய்வைப் பல கூறுகளாக்கி வெளியிடுதல், தம் கட்டுரைகளைத் தாமே தேவையின்றிச் சுட்டுதல், குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளுதல் என்பன அறியப்பட்ட முறைகேடுகள். சஞ்சிகையின் காரணியை உயர்த்தும் பொருட்டு அச்சஞ்சிகைக் கட்டுரைகளைச் சுட்டும்படி பதிப்பாசிரியரே எழுதுவோரை வற்புறுத்துவதும் உண்டு. பொருளியல், சமூகவியல், உளவியல், வணிகவியல் துறைகளைச் சார்ந்தோரிடம் நடத்தப்பட்டு 2012இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அத்தகைய வற்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர்.

இம்முறைகேடுகளின் தீமை ஏமாற்று என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. நன்றி கூறுவோர் அதற்குக் கைம்மாறு கருதாத வரையிலேயே நன்றி என்பதற்குப் பொருளுண்டு. ‘இவரிடம் கற்றேன்’ என ஒருவர் எழுதும்போது, அது கற்றமையினால் மட்டுமே எழுதப்பட்டது என வாசகர் நம்புகின்றார். அவ்வொப்புதல் மற்றவருக்குப் பதவியும் பணமும் ஈட்டித் தருவதாகியதும் அது நாணயத்தின் தன்மையைப் பெறுகின்றது. நாணயமாயின் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கேட்டுப் பெறலாம், கள்ளமாக அச்சிடவும் செய்யலாம். அதன்பின் நேர்மையாக எழுதப்பட்ட மேற்கோளும் ஐயத்துக்கு உள்ளாகின்றது. ஆக, இழப்பு ஏமாற்றியவருக்கோ ஏமாந்தவருக்கோ மட்டும் உரியதன்று. அறிவுலகம் முழுவதும் பொதுவிற் பேணிவந்த நம்பிக்கையே தேய்கின்றது. இந்நாணயத்தை அச்சிட்டுக் கணக்கு வைப்போர் யாரென்பதும் நோக்கத்தக்கது. பரவலாகக் கையாளப்படும் தரவுத்தளங்களுள் ஒன்றான ஸ்கோப்பஸ், உலகின் மிகப் பெரிய ஆய்வுச் சஞ்சிகை வெளியீட்டாளர்களுள் ஒன்றான எல்செவியர் நிறுவனத்துக்கே உரியது. அளக்கப்படும் பொருளை விற்போரே அளவுகோலையும் கையில் வைத்திருக்கும் நிலை இதுவாகும்.

ஆய்வாளர் எதனை ஆராய்வது எனத் தெரிந்துகொள்ளும் சுதந்திரத்தையும் இவ்வளவுகோல் தீண்டுகின்றது. பெருந்தரவுத்தளங்களில் ஆங்கிலச் சஞ்சிகைகளே பெரும்பங்கு வகிக்கின்றன; நூல்களும் பிறமொழி ஆக்கங்களும் குறைவாகவே இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இதனை விளக்க உதவும். அங்கு வாழும் மக்கள் பெரிதும் சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். பசளைகளின் பயன்பாட்டால் அந்நீரில் நைத்திரேற்று சேர்வது நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை. கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்து, விவசாயிகள் படிக்கத்தக்க தமிழில் ஒருவர் எழுதுவாராயின் அவ்வெழுத்தினால் ஊரார் பயன்பெறலாம். அதற்குரிய மேற்கோட் கணக்கோ பூச்சியமாகவே இருக்கலாம். கிணற்றை மாற்றிக்கொண்ட விவசாயி அடிக்குறிப்பு எழுதுவதில்லை. எண்ணுக்கு அஞ்சும் இளம் ஆய்வாளர் அப்பணியைக் கைவிட்டு, தூரதேசத்தார் எடுத்தாளக்கூடிய வேறொரு தலைப்பை நாடுவாராயின் அவரைக் குறைகூறுவது எளிதன்று. வட்டார முக்கியத்துவமுள்ள ஆய்வுகளின் சிறப்பைப் பாதுகாத்தல் வேண்டுமென, 2015இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்த லெய்டன் அறிக்கை தன் பத்து நெறிகளுள் ஒன்றாக வற்புறுத்தியமைக்கு இத்தகைய நிலையே காரணமாகும்.

சீர்திருத்தத்துக்கான குரல்கள் எழாமலில்லை. 2012இல் சன்பிரான்சிஸ்கோவிற் கூடிய ஆய்வாளரும் பதிப்பாசிரியரும் உருவாக்கிய பிரகடனம், சஞ்சிகையின் தாக்கக் காரணியைத் தனிமனிதரின் பணியை மதிப்பிடுவதற்குப் பயன்படுத்தலாகாது எனக் கூறியது. சீன அரசு 2020இல், விஞ்ஞான மேற்கோட் சுட்டியிற் சேர்ந்த கட்டுரைகளின் எண்ணிக்கையை நியமனங்களுக்கும் பரிசுகளுக்கும் நேரடி அளவாகக் கொள்வதைக் கட்டுப்படுத்த முனைந்தது. எச் சுட்டியை வகுத்த ஹேர்ஷே, அது எதிர்பாராத கடுமையான தீயவிளைவுகளை உண்டாக்கக்கூடும் என அதே ஆண்டில் எழுதினார். 2017இல் மறைந்த காபீல்டும் தம் வாழ்நாளில் தாக்கக் காரணியின் தவறான பயன்பாடு பற்றிப் பலமுறை எச்சரித்தவரே. அளவுகளை ஆக்கியோரே அவற்றின் எல்லையை உணர்ந்திருந்தனர். எல்லையை மறந்தோர் அவற்றைக் கையாண்ட நிர்வாகத்தினரே.

இம்மறதிக்குக் காரணம் அறியாமையன்று. தீர்ப்பளித்தல் பாரமான காரியம். பிறிதொருவரின் பத்தாண்டு உழைப்பைப் படித்து, விளங்கி, ‘இது சிறந்தது’, ‘இது சிறந்ததன்று’ எனக் கூறி, அக்கூற்றுக்குக் காரணமும் காட்டுவோர் தம்மையும் விமர்சனத்துக்கு உட்படுத்துகின்றனர். எண்ணோ அப்பாரத்தை இறக்கிவைக்க இடந்தருகின்றது. ‘நாம் தள்ளவில்லை, கணக்குத் தள்ளியது’ எனச் சொல்லிவிடலாம். ஆயின் காரணம் கூறும் தீர்ப்பை மறுக்க வழியுண்டு. எண்ணை மறுக்க வழியில்லை. அது ஆய்வைப் பற்றி எதுவும் கூறாமையே அதற்குக் காரணம். ‘உமது சான்றுகள் முடிவுக்குப் போதா’ எனக் கூறப்பட்டவர் விடையிறுக்கலாம். ‘உமது சுட்டி குறைவு’ எனக் கூறப்பட்டவர் எதற்கு விடையிறுப்பார்? எனவே எண்ணப்படுவதற்கு முன் படிக்கப்படுதல் ஆய்வாளரின் உரிமையென்றே கொள்ளவேண்டும். படித்தல் மதிப்பிடுவோரின் கடமையாகும்.

முன்னர் எழுப்பப்பட்ட ஐயத்துக்கான விடையும் இங்கேயே கிடைக்கின்றது. எண்ணுக்கு மாற்று, பழைய தயவுமுறையன்று; காரணம் கூறும் கடமையேயாகும். தெரிவுக்குழுவினர் விண்ணப்பிப்போரின் ஆக்கங்களுட் சிலவற்றையேனும் முழுமையாகப் படித்து, தம் முடிவுக்கான நியாயத்தை எழுத்தில் வைத்தல் வேண்டும். அந்நியாயத்தை விண்ணப்பித்தவர் அறியவும் மறுக்கவும் இடமிருத்தல் வேண்டும். அங்கு எண் ஒரு சாட்சியாக வரலாம். உலகிற் பலர் எடுத்தாளும் ஒருவரைக் குழு தள்ளுமாயின், ஏன் என்ற கேள்வியை எண் எழுப்பும். எவரும் எடுத்தாளாத ஒருவரைக் குழு ஏற்குமாயின், அப்போதும் அதே கேள்வியை எழுப்பும். சில வேளைகளில் அதற்குத் தக்க விடை இருக்கும். சில வேளைகளில் விடையின்மையே அநீதியைக் காட்டிக்கொடுக்கும். சாட்சியைக் கேளாத நீதிமன்றம் குறையுடையது; சாட்சியையே நீதிபதியாக்கிய நீதிமன்றமோ நீதிமன்றமேயன்று.

இதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும் என்பது உண்மை. ஒரு பதவிக்கு நூறு பேர் விண்ணப்பிக்கும் நிலையில் அனைவரையும் ஆழ்ந்து படித்தல் அரிது. ஆனால் அவ்வருமை, குறைவாக எழுதிச் செறிவாக எழுதும் வழக்கத்தை ஊக்குவிப்பதற்கான காரணமேயன்றி, படிப்பதைக் கைவிடுவதற்கான காரணமன்று. விண்ணப்பிப்போர் தம் சிறந்த ஆக்கங்கள் நான்கைந்தை மட்டும் முன்வைக்குமாறு கேட்கப்படின், படிப்போரின் சுமையும் குறையும். எண்ணிக்கைக்காக எழுதும் தேவையும் குறையும்.

மேற்கோட் சுட்டி பயனற்ற கருவியன்று. ஒரு கருத்து பின்னர் என்னவாயிற்று, அதனை எவர் ஏற்றனர், எவர் திருத்தினர், எவர் மறுத்தனர் என அறிய விரும்பும் மாணவருக்கு அதைவிட நல்ல துணை அரிது. அவ்வாறு பயன்படுத்துவோர் சுட்டியிலிருந்து கட்டுரைக்குச் செல்கின்றனர். அங்கு பக்கத்தைத் திறந்து படிக்கின்றனர். மதிப்பிடுவோரும் செல்லவேண்டியது அப்பக்கத்துக்கே.